பம்புசெட் விளக்குக்கு ஒரு பொட்டு

மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் நான்கு கதவுகளையும் விரித்துக்கொண்டு நின்றது. எஞ்சின் ஓடவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுக்கியது. அதை எண்ணுவதற்குத் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

நாலு என்றார் ஒருவர். இல்லை, எட்டு என்றார் அடுத்தவர். பின்கதவு வழியாகத் தலையை நீட்டிய பால்காரர், தான் வந்ததிலிருந்தே பதினாறு ஆகிவிட்டது என்றார்.

நான் முன்சீட்டில் உட்கார்ந்து, விளக்கை வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி, ஆள்காட்டி விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். தென்காசி தந்தி ஆபீசில் இருபது வருஷமாகத் தந்திக் கருவியின் கட்டுக்கடகட சத்தம் கேட்டவன் நான். விட்டு விட்டு வருகிற எதையும் எண்ண என்னை விட்டால் இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று ஊர் நம்பியது. ஊரைவிட நான் அதிகமாக நம்பினேன்.

தந்தி ஆபீஸ் பற்றிப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் உமா ஃபோன் செய்தாள். பெருமையெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறதே, அந்தக் கார் சமாசாரம் எப்போது வரும் என்று கேட்டாள். நான் எழுதாவிட்டால் தானே எழுதி அனுப்பப்போவதாகவும் சொன்னாள். அவள் எழுதினால் என் மானம் கப்பலேறிவிடும். நானே எழுதினால் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்.

அச்சன்புதூருக்கு வந்த ஜப்பான் வண்டி

காரின் சொந்தக்காரன் சண்முகவேல். என் மனைவி செண்பகத்தின் சித்தப்பா மகன். அச்சன்புதூரில் வயலும் தோப்பும் உள்ள குடும்பம். அண்ணன்மார் இருவரும் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போக, இவன் வளைகுடாவுக்குப் போனான். எட்டு வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், கப்பலில் காரையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

அதற்கு ஸ்டீயரிங் இடது பக்கம். எதிரே வருகிற லாரிக்காரர்கள் வலது பக்கத்தில் ஆளைக் காணாமல், வண்டி தானாக வருகிறது என்று ஒதுங்கி வழி விட்டார்கள். சண்முகவேல் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்ன விளக்குகளில் ஒன்றில் ஏதோ ஒரு படம் போட்டிருந்தது. எனக்கு அது டீ போடுகிற கெட்டில் மாதிரி இருந்தது. செண்பகம் கிரைண்டர் என்றாள். சண்முகவேல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எஞ்சின் படம்தான், நம்ம வயக்காட்டுப் பம்புசெட்டுப் போலவே போட்டிருக்கிறான் என்றான். அன்றுமுதல் அது பம்புசெட் விளக்கு ஆயிற்று.

அந்த வருஷம் சாரல் நன்றாகக் கட்டியது. குற்றாலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் எண்ணெய் வழிய மனிதர்கள் நடந்தார்கள். தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நின்றார்கள். இதைப் பார்த்த சண்முகவேலுக்கு வண்டியை நினைத்து மனசு கேட்கவில்லை. எத்தனை வருஷம் பாலைவனத்தில் வெந்த வண்டி, சூடு தணிய வேண்டாமா என்றான். பானெட்டைத் திறந்து ரப்பர் குழாய், ஒயர் ஒன்று விடாமல் நல்லெண்ணெய் தடவினான். ஒரு மணி நேரம் ஊறவிட்டான். பிறகு ஓடைக்கரைக்கு ஓட்டிப் போய் வாளி வாளியாக எஞ்சின் தலையில் ஊற்றினான். சீயக்காய் போடவே இல்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை.

மறுநாள் காலை பம்புசெட் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவே இல்லை.

கண்ணடிக்கிற வண்டி

வண்டியை மெக்கானிக் பிச்சையாவிடம் காட்டினோம். பிச்சையாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுப் பழுது சொல்கிற மனுஷர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் பட்டறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஒருவரின் பழைய கார் குத்துக்கல்வலசைப் பக்கமிருந்து வருகிற சத்தம் கேட்டது. டம்ளரிலிருந்து தலையைத் தூக்காமலே, மூன்றாவது பிளக் போய்விட்டது என்றார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்தான். அவர் சொன்னது சரியாக இருந்ததைவிட, அதன் பிறகு மீதிக் காப்பியை அவர் அவசரமில்லாமல் குடித்த விதம்தான் எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது.

ஜப்பான் வண்டியை அவர் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். விளக்கைக் குனிந்து பார்த்தார்.

"வண்டிக்கு ஒண்ணுன்னா சத்தம் போட்டுச் சொல்லணும் அண்ணாச்சி. இது கண்ணடிக்குது. கண்ணடிக்குததை நம்பி நான் எங்கன கைய வைக்க?" என்றார்.

சண்முகவேல் வளைகுடாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் மலையாள நண்பருக்கு எழுதிப் போட்டான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். நான் வாசல்படியில் நின்று தமிழாக்கி, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன். பிச்சையா சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குள்ளே உமா இருந்தாள்.

கடிதம் சொன்னது இதுதான். எஞ்சினை நிறுத்து. சாவியை மட்டும் திருப்பி வை. நல்ல வண்டியிலும் சாவி போட்டதும் அந்த விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பானெட்டுக்குள் மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும். படத்தில் காட்டிய இரண்டு துளைகளை மட்டும் ஒரு துண்டு ஒயரால் சேர். வேறு துளையில் பட்டால் வண்டியின் மூளைப்பெட்டியே வெந்துபோகும். சேர்த்ததும் விளக்கு மினுக்கும். முதலில் மினுக்குவது பத்தாம் இலக்கம், சற்று நிறுத்தி மினுக்குவது ஒன்றாம் இலக்கம். எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்று ஒரு நீளப் பட்டியல். பழுதைச் சரிசெய்துவிட்டு, சாவியை அணைத்து, இன்ன ஃபியூஸைப் பத்து விநாடி கழற்றி மாட்டினால் எண் அழிந்துவிடும்.

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். எண்ணை எழுதிக்கொள்ளாமல் அழிக்காதே.

நான் அழித்தது

அப்படித்தான் தெருவில் பாதிப் பேரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த விளக்கு அணைய வேண்டும் என்ற அவசரம் வண்டிக்காரனைவிட எனக்குத்தான் அதிகம். வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு உமாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. பௌதிகம் படித்துவிட்டு இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டவளுக்கு வந்த ஒரே அழைப்பு அது. முந்தின நாளே ரயிலில் போய்த் தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றாள். நான்தான் கூடாது என்றேன். மாமா காரில் போய்விட்டு மாமா காரிலேயே சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.

விளக்கு இரண்டு முறை மினுக்கியது. நிறுத்தியது. இரண்டு முறை மினுக்கியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தந்தி முழுதும் வந்து முடியுமுன் அதிலுள்ளதைத் தந்திக்காரன் வெளியே சொல்லமாட்டான். ஆனால் அதே தந்திக்காரனுக்கு இன்னொரு விதியும் உண்டு. கேட்டதை அந்தக் கணமே எழுது, ஞாபகத்தை நம்பாதே. புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு மேஜையைத் தட்டித் தட்டி நான் சொல்லிக்கொடுத்த விதி. வீட்டு வாசலில், அத்தனை பேர் பார்க்கும்போது, இரண்டே இரண்டு இலக்கத்துக்குப் பென்சில் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியலைப் பிரிக்கப் போனபோது சாரல் இறங்கியது. காகிதம் நனைகிறது என்று மடித்துப் பையில் வைத்தேன். பானெட்டை மூடச் சொல்லிச் சண்முகவேல் அவசரப்படுத்தினான். கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கூட்டத்துக்கு ஏதாவது காட்ட வேண்டும் அல்லவா? ஒயரை எடுத்தேன், சாவியை அணைத்தேன், ஃபியூஸைக் கழற்றினேன்.

பிச்சையா மட்டும் குறுக்கே வந்தார். "எதுக்கு எரியுதுன்னு பாக்காம அணைச்சா எப்படி அண்ணாச்சி?"

"நீரு சும்மா இரும் வே. இது காது வேலை இல்ல," என்றேன்.

பத்து எண்ணி மாட்டினேன். எஞ்சின் ஓடியது. விளக்கு அணைந்திருந்தது. பால்காரர் கை தட்டினார். அன்று மாலை காப்பிக்கடை வரைக்கும் நான் நடந்து போனதில் ஒரு தனி மிடுக்கு இருந்ததாகச் செண்பகம் இன்றைக்கும் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை

பெண்பிள்ளை மலை தாண்டிப் போகப்போகிறாள் என்று செண்பகம் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டாள். எண்ணெய் தேய்த்து முழுகின வண்டி பொட்டில்லாமல் நிற்கலாமா என்பது அவள் கட்சி. சக்கரத்துக்கு, பானெட்டுக்கு, உள்ளே கடிகாரம் போல இருந்த ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். கடைசியாக அந்தச் சின்னப் படத்துக்கும் ஒன்று, கட்டைவிரல் அகலத்துக்கு, கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். ரொம்பத் தொந்தரவு கொடுத்த இடம் என்று அவளுக்கு அதன்மேல் தனி அக்கறை.

சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விளக்கு எரியவில்லை. சண்முகவேல் அச்சன்புதூர் முழுக்க என் புகழைப் பரப்பினான். காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி இருமுகிறது, பின்னால் கரும்புகை வருகிறது என்று பிச்சையா சொல்லி அனுப்பினார். மனுஷருக்குப் பொறாமை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது உமா சாதாரணமாகக் கேட்டாள், அன்றைக்கு என்ன எண் வந்தது என்று. எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். எங்கே என்றாள். ரசம் கேட்டேன்.

ஆரியங்காவில்

திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பினோம். சண்முகவேல் ஓட்ட, நான் முன்னால், உமா பின்னால். பிச்சையா கூப்பிடாமலே வந்து, துண்டில் கட்டிய சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, வண்டி மலை ஏறியது. ஆரியங்காவில் சாயா குடிக்க நிறுத்தினோம்.

குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. உறுமிற்று, நின்றது. மறுபடியும் உறுமிற்று, நின்றது. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. சண்முகவேல் கவலையில் ஒரு சிகரெட்டை எடுக்க, பிச்சையா அதைத் தீக்குச்சி உரசுமுன் அவன் வாயிலிருந்தே பிடுங்கிப் போட்டார். பெட்ரோலைக் குடித்துக் குடித்து மூச்சு முட்டி நிற்கிறது, இனி திருப்பாதே என்றார்.

அங்கிருந்து திருவனந்தபுரம் போக இன்னும் மூன்று மணி நேரம் வேண்டும். பஸ் எப்போது வரும் என்று சாயாக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. உமா சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரயிலில் போகிறேன் என்றவளை நான்தான் தடுத்தேன் என்பதை அவள் சொல்லிக்காட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவி போட்டிருந்த வண்டிக்குள் கையை நீட்டி, விளக்கு எரியவில்லையே, கோளாறு என்றால் எரிந்திருக்காதா என்று வாதாடினேன். வண்டி செத்துக் கிடக்கிறது, நான் அதற்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உமா நிமிர்ந்தாள். "அப்பா, சாவி போட்டா நல்ல வண்டியிலயும் அது எரியணும்னு நீங்கதான் வாசிச்சீய. இப்ப சாவி போட்டிருக்கு. ஏன் எரியல?"

அவள் முன்பக்கம் வந்து குனிந்தாள். கைக்குட்டையை எச்சில் தொட்டு அந்தப் பொட்டைத் துடைத்தாள். சந்தனம் ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பம்புசெட் ஆரஞ்சு நிறத்தில் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறதோ.

"அன்னிக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கப்பா," என்றாள்.

இரண்டு இரண்டா, இரண்டு ஒன்றா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. சாயாக் கடை வாசலில், மூன்று பேர் முன்னால் ஒத்துக்கொண்டேன். "எழுதல உமா. எழுதாம அழிச்சிட்டேன்," என்றேன்.

அவள் திட்டவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "இப்ப எண்ணுங்க. நான் எழுதுதேன்."

பிச்சையா ஒரு துண்டு ஒயரின் இரு முனைகளையும் சீவிக் கொடுத்தார். சூடான எஞ்சினில் கை படாமல், படத்தில் பார்த்த அந்த இரண்டு துளைகளை மட்டும் சேர்த்தேன். விளக்கு மினுக்கியது. நான் உரக்க எண்ணினேன், உமா அழைப்புக் கடித உறையின் பின்பக்கம் எழுதினாள். மூன்று தடவை சரிபார்த்தோம். இரண்டு இரண்டு.

பட்டியலைப் பார்க்கலாம் என்றாள். பட்டியல் மேலகரத்தில் என் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. வெற்றிகரமாக முடிந்துபோன காரியத்துக்குக் கடிதம் எதற்கு என்று வைத்துவிட்டு வந்திருந்தேன். இதையும் சொல்லவேண்டியதாயிற்று.

பிச்சையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ரெண்டு ரெண்டுன்னா தண்ணிச் சூடு பாக்குத குமிழு, இல்லன்னா அதோட ஒயரு. அன்னிக்கு வாசப்படியில நின்னு வாசிச்சீயளே அண்ணாச்சி. ஏழாவதா வாசிச்சீய," என்றார்.

நான் ஒரே ஒரு தடவை வாசித்ததை அவர் காது பத்திரமாக வைத்திருந்தது. காது வேலை இல்லை என்று அவரை நான் அடக்கியது அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். அவர் காட்டிக்கொள்ளவில்லை.

சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் குமிழைத் தேடி, அதில் செருகியிருந்த ஒயர் மூடியைக் கழற்றினார். தோசைக்கல் வாசனை வந்தது. உள்ளே நல்லெண்ணெயும் ஓடைத் தண்ணீரும் கலந்து பாயசம் போல நின்றது. சண்முகவேல் திரும்பி நின்று மலையழகைப் பார்க்கத் தொடங்கினான். எஞ்சின் கொதித்தாலும் குளிர்ந்து கிடக்கிறது என்றே அந்த ஒயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம் வண்டியும் நம்பிக் கூடக் கூடப் பெட்ரோலைக் குடித்திருக்கிறது என்று உமா எனக்கு விளக்கினாள். பிச்சையா துண்டு முனையால் துடைத்து, ஊதி, செம்பைச் சுரண்டி இறுக்கிச் செருகினார். பெட்ரோல் காயட்டும் என்று பத்து நிமிஷம் உட்கார வைத்தார்.

வண்டி கிளம்பியது. நிறுத்தி, சாவியை அணைத்து, இப்போது ஃபியூஸைக் கழற்றினோம். நான் முழுதாகப் பத்து எண்ணினேன். சாவி போட்டதும் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. மலை இறங்கி முடிகிற வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினொன்றுக்குக் கால் மணி முன்னால் போய்ச் சேர்ந்தோம். கைக்குட்டையில் சந்தனக் கறையோடு உமா உள்ளே போனாள். அந்த வாசலில் மூன்று ஆண்களும் வரிசையாக நின்றோம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கேட்டால் பெட்ரோல் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

செண்பகத்தின் கட்சி

வீடு திரும்பியதும் செண்பகத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ வைத்த பொட்டால்தான் விளக்கு தெரியாமல் போயிற்று, பிள்ளை வாழ்க்கையே போகப் பார்த்தது என்று சத்தம் போட்டேன். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"நான் மறைச்சுத்தான் வச்சேன். நீங்க அணைச்சே வச்சீயளே," என்றாள்.

வேலை உத்தரவு ஐப்பசியில் வந்தது. உமா இந்தத் தடவை ரயிலில்தான் போவேன் என்றாள், தனியாக. தென்காசி ஸ்டேஷனில் செண்பகம் அழுதாள், சண்முகவேலும் அழுதான். நான் பெட்டிப் பூட்டு சரியாக இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே நின்றேன். அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்ததால் என் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு.

வண்டி நகரப்போகும் நேரத்தில் உமா ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்தாள்.

"விளக்கு எரியலையேப்பா. பொட்டைத் துடைச்சுப் பாக்கட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் பார்க்க, நான் அழுதேன். நெற்றியில் பட்ட அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, ரயிலோடு நாலு எட்டு நடந்தேன்.